சர்க்கரை திரும்பி வந்த பிறகும்

1995ஆம் ஆண்டு ‘ஆனல்ஸ் ஆஃப் சர்ஜரி’ என்ற மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரையின் தலைப்பு, ‘இதை யார் நினைத்திருப்பார்கள்?’ என்ற கேள்வியோடு தொடங்கியது. எழுதியவர் வால்டர் போரீஸ். அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தின் கிரீன்வில் நகரில் பணியாற்றிய அறுவை மருத்துவர். அவரும் அவருடைய குழுவினரும் 14 ஆண்டுகளில் மிகவும் பருத்த உடல் கொண்ட 608 பேருக்கு எடையைக் குறைப்பதற்காக இரைப்பை பைபாஸ் அறுவை செய்திருந்தார்கள். அவர்களில் 146 பேருக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் இருந்தது. அந்த 146 பேரில் 121 பேருக்கு இரத்தச் சர்க்கரை இயல்பு நிலைக்கு வந்து, அப்படியே நின்றது.

எடை குறைந்தால் சர்க்கரையும் குறையும் என்பது அப்போதே எல்லாருக்கும் தெரியும். போரீஸை வியக்க வைத்தது அது நடந்த வேகம். அறுவை முடிந்து சில நாட்களிலேயே, எடை பெரிதாக இறங்குவதற்கு முன்பே, பலருக்கு இன்சுலின் தேவைப்படாமல் போனது. வாழ்நாள் முழுக்கக் கூடவே வரும், ஆண்டுக்கு ஆண்டு மோசமாகும் என்று பாடப்புத்தகம் சொன்ன ஒரு நோய், ஒரு வாரத்தில் பின்வாங்கிவிட்டது. இதன் சாயலை மருத்துவ உலகம் முன்பே பார்த்திருந்தது. வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்த நோயாளிகள் மூவருக்குச் சர்க்கரை நோய் தணிந்ததாக 1955இலேயே ஒரு கட்டுரை வந்திருக்கிறது. அதை யாரும் பெரிதாகப் பின்தொடரவில்லை.

போரீஸின் கட்டுரைக்குப் பிறகு முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. அன்று கேட்க முடியாத கேள்வியை இன்று கேட்கலாம்: அறுவை செய்துகொண்டவர்கள் பத்து, பதினைந்து, இருபது ஆண்டு கழித்து எப்படி இருக்கிறார்கள்? ‘சர்க்கரை நோய்க்கு நிரந்தரத் தீர்வு’ என்று விளம்பரம் செய்பவர்களும், ‘வயிற்றை வெட்டுவதெல்லாம் ஏமாற்று வேலை’ என்று ஒதுக்குபவர்களும் நின்று படிக்க வேண்டிய விடை அதற்கு இருக்கிறது.

முதலில், அறுவையில் என்னதான் செய்கிறார்கள் என்று பார்த்துவிடலாம். பைபாஸ் என்றதும் இதய அறுவைதான் நமக்கு நினைவுக்கு வரும், இது வேறு. இரைப்பையின் மேல்முனையில் ஏறத்தாழ 30 மில்லிலிட்டர் கொள்ளும் ஒரு சிறு பையை மட்டும் தனியே பிரித்து, சிறுகுடலை ஓரிடத்தில் வெட்டி, அதன் கீழ்ப்பகுதியை மேலே இழுத்து அந்தப் பையோடு இணைக்கிறார்கள். மீதி இரைப்பை, முன்சிறுகுடல் இரண்டும் உடலுக்குள்ளேயே இருக்கும். ஆனால் உணவு அவற்றைத் தொடாமல் நேராகக் கீழே போய்விடும். பித்தநீரும் கணைய நீரும் தம் பழைய வழியில் வந்து, இன்னும் கீழே உணவோடு சேரும். எடை குறைப்பதற்காக இந்த அறுவையை 1960களில் தொடங்கி வைத்தவர் அயோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் மேசன். இரண்டாவது முறை ‘ஸ்லீவ்’. இதில் இரைப்பையை நீளவாக்கில் வெட்டி, முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிட்டு, ஒரு குழாய் அளவுக்கு மட்டும் விட்டுவைக்கிறார்கள். குடலைத் தொடுவதில்லை. இன்று உலகில் அதிகம் நடப்பது இதுதான். இரண்டையும் சிறு துளைகள் வழியே லேப்ராஸ்கோப் கொண்டு செய்கிறார்கள்.

இனி, சர்க்கரை ஏன் குறைகிறது என்ற கேள்வி. அறுவை முடிந்தவர் முதல் சில வாரங்கள் மிகக் குறைவாகவே சாப்பிட முடியும் என்பது எளிய காரணம். உணவு நின்றதும் ஈரல் தன்னிடம் சேர்ந்திருந்த கொழுப்பைச் செலவழிக்கத் தொடங்குகிறது. கொழுப்பு கரைந்த ஈரல் மறுபடியும் இன்சுலினின் சொல் கேட்கிறது. தேவையில்லாமல் இரத்தத்தில் சர்க்கரையைக் கொட்டுவதைக் குறைக்கிறது. இங்கிலாந்தின் நியூகாசிலில் ராய் டெய்லர் இதையே அறுவை இல்லாமல், கடுமையான குறைந்த கலோரி உணவால் செய்து காட்டினார். அவர் முன்னின்று நடத்திய ‘டைரக்ட்’ ஆய்வில், எடைகுறைப்புத் திட்டத்தில் சேர்ந்தவர்களில் 46 சதவீதம் பேருக்கு ஓராண்டு முடிவில் மருந்தில்லாமலேயே சர்க்கரை தணிந்திருந்தது. இரண்டாம் ஆண்டில் அது 36 சதவீதமானது.

ஆனால் பட்டினி மட்டும்தான் காரணமா? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவர் இத்தாலியரான பிரான்செஸ்கோ ரூபினோ. கோட்டோ-காகிசாக்கி என்று ஜப்பானில் உருவாக்கிய ஓர் எலி வகை உண்டு. அதற்கு உடல் பருமன் இருக்காது, சர்க்கரை நோய் மட்டும் இருக்கும். ரூபினோ அந்த எலிகளின் இரைப்பையை அப்படியே விட்டுவிட்டு, உணவு முன்சிறுகுடலைத் தொடாமல் போகும்படி மட்டும் பாதையை மாற்றினார். உண்ணும் அளவும் எடையும் அப்படியே இருக்க, சர்க்கரைக் கட்டுப்பாடு மேம்பட்டது. அதே எலிகளுக்கு உணவை மறுபடி முன்சிறுகுடல் வழியே திருப்பியபோது கோளாறு திரும்பி வந்தது. 2004இலும் 2006இலும் வந்த இந்த முடிவுகளுக்குப் பிறகுதான், எடையைக் குறைக்கும் ‘பேரியாட்ரிக்’ அறுவைக்கு ‘வளர்சிதைமாற்ற அறுவை’ என்ற பெயரும் நிலைபெற்றது. குடல் வெறும் செரிமானக் குழாய் என்ற எண்ணமும் அதோடு ஆட்டம் கண்டது.

குடலின் கீழ்ப்பகுதியிலும் ஒரு கதை நடக்கிறது. அரைகுறையாகச் செரித்த உணவு வேகமாக அங்கே போய்ச் சேரும்போது, அங்குள்ள செல்கள் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனை வழக்கத்தைவிடப் பல மடங்கு சுரக்கின்றன. அது கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டும். மூளையிடம் ‘போதும்’ என்று சொல்லும். இன்று ஊசியாக விற்கும் செமாகுளூடைட் இந்த ஹார்மோனின் சாயலில் செய்த மருந்துதான். பித்த அமிலங்களும் குடல் நுண்ணுயிர்களும் அறுவைக்குப் பின் மாறுகின்றன.

இதையெல்லாம் படிக்கும்போது, அறுவைக்கு எடையைத் தாண்டிய ஏதோ தனிச்சக்தி இருப்பதாகத் தோன்றும். பல ஆண்டுகள் பெரும்பாலோர் அப்படித்தான் நம்பினார்கள். 2020இல் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் கிளைன் குழுவினர் அதை நேரடியாகச் சோதித்துப் பார்த்தார்கள். சர்க்கரை நோய் உள்ள 22 பேர். பாதிப் பேர் உணவுக் கட்டுப்பாட்டால் எடை குறைத்தார்கள், பாதிப் பேர் பைபாஸ் செய்துகொண்டார்கள். இரு தரப்பும் ஏறத்தாழ 18 சதவீத எடை குறைந்த கட்டத்தில், இன்சுலினுக்கு ஈரல் எப்படி இணங்குகிறது, தசை எப்படி இணங்குகிறது, கணையம் எப்படிச் சுரக்கிறது என்று எல்லாவற்றையும் நுணுக்கமாக அளந்தார்கள். குறிப்பிடும்படியான வேறுபாடு எதுவும் தென்படவில்லை. பித்த அமிலமும் நுண்ணுயிரும் அறுவைக் குழுவில் மாறியிருந்தன. அந்த மாற்றத்தால் சர்க்கரைக்குக் கூடுதல் பலன் வரவில்லை.

ரூபினோவின் எலிகளும் கிளைனின் மனிதர்களும் ஒன்றையொன்று மறுப்பதுபோல் தெரிகிறது. என் கணிப்பில் இரண்டும் ஒரே இடத்தில்தான் வந்து சேர்கின்றன. மனிதர்களுக்குச் சர்க்கரை குறைவதற்குப் பெரும் காரணம் எடைதான். அந்த எடையைப் பசியோடு மல்லுக்கட்டாமல் ஆண்டுக்கணக்கில் குறைவாகவே நிறுத்தி வைப்பது, மாறிப்போன குடலும் அதன் ஹார்மோன்களும். உணவுக் கட்டுப்பாட்டால் 18 சதவீத எடையைக் குறைத்தவர், ஐந்து ஆண்டு கழித்தும் அதே எடையில் இருப்பது மிக அரிது. முயன்று தோற்றவர்களுக்கு மனவலிமை போதவில்லை என்று குறைசொல்வது கொடுமை. இழந்த எடையை மீட்டெடுக்கும்படி உடலே பசியைத் தூண்டுகிறது, செலவைச் சுருக்குகிறது. அறுவை அந்தப் போராட்டத்தின் விதிகளை மாற்றுகிறது.

எத்தனை நாளைக்கு மாற்றுகிறது என்பதைச் சொல்லும் முன் ஒரு வரையறை. மருந்து எதையும் எடுக்காமல் குறைந்தது மூன்று மாதம் கழிந்த பிறகும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனை 6.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதைச் சர்க்கரை நோயின் தணிவு என்று சொல்லலாம் என 2021இல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று முடிவு செய்தது. பழைய ஆய்வுகளில் இந்த அளவுகோல் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

நீண்டகாலப் பலனுக்கு மிகப் பழைய சான்று ஸ்வீடனிலிருந்து வருகிறது. 1987இல் தொடங்கிய ‘எஸ்ஓஎஸ்’ ஆய்வில் அறுவை செய்துகொண்ட 2,010 பேரையும், அவர்களுக்கு இணையாக வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 2,037 பேரையும் லார்ஸ் சோஸ்ட்ரோம் குழுவினர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். தொடக்கத்திலேயே சர்க்கரை நோய் இருந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், இரண்டாம் ஆண்டில் அறுவைக் குழுவில் 72 சதவீதம் பேருக்கு நோய் தணிந்திருந்தது. மற்ற குழுவில் 16 சதவீதம். பதினைந்தாம் ஆண்டில் முதல் எண் 30 ஆகச் சரிந்தது. மற்றது 6.5.

72 என்பது 30 ஆகிவிட்டது. விளம்பரங்கள் முதல் எண்ணைச் சொல்லி நிறுத்திக்கொள்ளும். எதிர்ப்பவர்கள் இரண்டாவதைச் சொல்லி நிறுத்திக்கொள்வார்கள்.

ஸ்வீடன் ஆய்வில் யாருக்கு அறுவை என்பது குலுக்கலில் தீர்மானமாகவில்லை. நடந்த அறுவைகளிலும் பெரும்பாலானவை இன்று வழக்கொழிந்த முறைகள். ஆகவே குலுக்கல் முறையில் நடந்த ஆய்வுகளையும் பார்க்க வேண்டும். ரோம் நகரில் ஜெல்ட்ரூட் மிங்ரோன் 60 பேரை மூன்றாகப் பிரித்தார்: மருந்து, பைபாஸ், இன்னும் கடுமையான குடல்மாற்று அறுவை ஒன்று. பத்து ஆண்டுகள் நோய் தணிந்தே இருந்தவர்கள் பைபாஸ் குழுவில் 25 சதவீதம், கடுமையான அறுவையில் 50 சதவீதம். இரண்டாம் ஆண்டில் நோய் தணிந்திருந்த 34 பேரில் 20 பேருக்குச் சர்க்கரை திரும்பி வந்துவிட்டது. அமெரிக்காவில் கிளீவ்லாந்து, பாஸ்டன், பிட்ஸ்பர்க், சியாட்டில் நகரங்களில் நடந்த நான்கு சோதனைகளை ஒன்றுசேர்த்து 262 பேரைப் பின்தொடர்ந்த முடிவு 2024இல் வந்தது. ஏழாம் ஆண்டில் நோய் தணிந்திருந்தவர்கள் அறுவைக் குழுவில் 18 சதவீதம், மருந்துக் குழுவில் 6 சதவீதம். பன்னிரண்டாம் ஆண்டில் 12.7 சதவீதம், மருந்துக் குழுவில் ஒருவர்கூட இல்லை.

ஏன் திரும்பி வருகிறது? எடை கொஞ்சம் ஏறுவது ஒரு காரணம்; அதைவிட ஆழமான காரணம் கணையத்தில் இருக்கிறது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் ஆண்டுக்கு ஆண்டு சோர்ந்து, செயலிழந்து போகின்றன. கொழுப்பும் மிகைச் சர்க்கரையும் அழுத்தியதால் வேலை நிறுத்தியிருக்கும் செல்களை அறுவை மீட்டுவிடும். அழிந்துபோனவற்றை அதனால் திரும்பக் கொண்டுவர முடியாது. தூர்ந்த கிணற்றைத் தூர்வாரினால் நீர் ஊறும். ஊற்றே வற்றிய கிணற்றில் எவ்வளவு தோண்டி என்ன?

இதை மிகத் தெளிவாகக் காட்டியது அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் டெட் ஆடம்ஸ் நடத்திய ஆய்வு. பைபாஸ் செய்துகொண்ட சர்க்கரை நோயாளிகளில் இரண்டாம் ஆண்டில் 75 சதவீதம், ஆறாம் ஆண்டில் 62, பன்னிரண்டாம் ஆண்டில் 51 சதவீதம் பேருக்கு நோய் தணிந்திருந்தது. இந்த 51ஐப் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். அறுவைக்கு முன் மருந்தே எடுக்காத நிலையில் இருந்தவர்களில் 73 சதவீதம். மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 56. இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தவர்களில் 16. அறுவை ஒன்றே, யார், எந்தக் கட்டத்தில் வந்தார்கள் என்பதில்தான் வேறுபாடு. மாத்திரை பலிக்கவில்லை, ஊசி பலிக்கவில்லை, கடைசியாக அறுவைக்குப் போகலாம் என்று காத்திருப்பவர்கள் பலன் மிகக் குறைந்த கட்டத்தில்தான் மேசைக்கு வருகிறார்கள். நம் மருத்துவ வழக்கம் இங்கே தலைகீழாக இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

சரி, சர்க்கரை திரும்பி வந்தவர்களுக்கு அறுவை வீண்தானா? ரோம் ஆய்வுக்கே திரும்புவோம். நோய் திரும்பிய அந்த 20 பேருக்கும் பத்தாம் ஆண்டில் சராசரி ஹெச்பிஏ1சி 6.7 சதவீதம். நம்மில் எத்தனையோ பேர் மூன்று மாத்திரை போட்டும் எட்டைத் தாண்டி நிற்கிறோம் என்பதை நினைத்துப் பார்த்தால் 6.7இன் அருமை தெரியும். நான்கு நகர ஆய்விலும் ஏழு ஆண்டு முடிவில் அறுவைக் குழுவின் ஹெச்பிஏ1சி 1.6 புள்ளி குறைந்திருந்தது. மருந்துக் குழுவில் 0.2 மட்டும். நோய் தணிந்தது, தணியவில்லை என்று இரண்டாகப் பிரிக்கும் கணக்கு இந்த இடைநிலையை மறைத்துவிடுகிறது.

சர்க்கரை என்ற எண்ணால் நேரடியாகச் சாவது குறைவு. அது சிறு இரத்தக் குழாய்களை அரித்து விழித்திரையையும் சிறுநீரகத்தையும் பாத நரம்புகளையும் கெடுக்கிறது. பெரிய குழாய்களை அடைத்து மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கொண்டுவருகிறது. அதனால் கடைசிக் கணக்கை அங்கேதான் பார்க்க வேண்டும். ஸ்வீடன் ஆய்வில் கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் சிறுகுழாய்ப் பாதிப்பு, ஆயிரம் பேரை ஓராண்டு பின்தொடர்ந்தால் வழக்கமான சிகிச்சையில் 42 பேருக்கு ஏற்பட்டது. அறுவைக் குழுவில் 21 பேருக்கு. பாதிக்குப் பாதி. அறுவை செய்த 4,683 சர்க்கரை நோயாளிகளைப் பற்றி அமெரிக்காவில் 2016இல் வந்த ஆய்வு இன்னும் நுட்பமான ஒன்றைக் கண்டது: நோய் தணிந்து பின் திரும்பியவர்களில், தணிவு நீடித்த ஒவ்வொரு கூடுதல் ஆண்டுக்கும் சிறுகுழாய்ப் பாதிப்பின் ஆபத்து 19 சதவீதம் குறைந்தது. ஐந்து ஆண்டு சர்க்கரை இயல்பாக இருந்து ஆறாம் ஆண்டில் ஏறினால், அந்த ஐந்து ஆண்டுப் பலன் விழித்திரையிலும் சிறுநீரகத்திலும் தங்கிவிடுகிறது.

ஆயுள்? 2021இல் ‘லான்செட்’ இதழில் 1,74,772 பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு வந்தது. அறுவை செய்துகொண்டவர்களின் எதிர்பார்ப்பு ஆயுள், செய்துகொள்ளாத அதே வகைப் பருமனானவர்களைவிட ஏறத்தாழ 6 ஆண்டு கூடுதல். சர்க்கரை நோய் இருந்தவர்களை மட்டும் எடுத்தால் 9.3 ஆண்டு. ஸ்வீடன் கணக்கு இதைவிடக் குறைவு, 3 ஆண்டுதான். அறுவை செய்த பிறகும் பொதுமக்களின் ஆயுளைவிட அவர்களின் ஆயுள் 5.5 ஆண்டு குறைவாகவே இருந்தது என்றும் அது சொல்கிறது. இந்தப் பெரிய கணக்குகள் குலுக்கலில் பிரிக்காத ஆய்வுகளிலிருந்து வந்தவை. அறுவைக்கு முன்வருபவர்கள் தம் உடல்மேல் கொஞ்சம் கூடுதல் அக்கறை உள்ளவர்களாக இருக்கலாம். 9.3ஐ நான் அப்படியே எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் வேறு வேறு நாடுகளில், வேறு வேறு கைகளில் நடந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே திசையைக் காட்டும்போது அந்தத் திசையை நம்புகிறேன்.

இவ்வளவுக்கும் உடல் ஒரு விலை கொடுக்கிறது. அறுவை மேசையின் ஆபத்து மக்கள் அஞ்சும் அளவுக்கு இல்லை. பழகிய கைகளில் முதல் முப்பது நாள் இறப்பு ஆயிரத்தில் ஒன்றிலிருந்து மூன்றுக்குள். விலையின் பெரும்பகுதி பின்னால், மெதுவாக வருகிறது. இரும்புச்சத்து, கால்சியம் இரண்டும் அதிகம் உறிஞ்சப்படும் இடம் முன்சிறுகுடல். பைபாஸ் அதைத்தான் தாண்டிப் போகிறது. வைட்டமின் பி12 உறிஞ்சப்பட இரைப்பை சுரக்கும் ஒரு புரதம் வேண்டும், அதுவும் குறைகிறது. நான்கு நகர ஆய்வில் அறுவைக் குழுவுக்கு இரத்தசோகையும் எலும்பு முறிவும் கூடுதலாக வந்தன. இது நம்மூருக்கு இரட்டைக் கவலை. சைவ உணவுக்காரர்களுக்கு பி12 ஏற்கனவே குறைவு. ஆண்டுக்கணக்கில் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுத்தால் இன்னும் குறையும். பெண்களுக்கு இரத்தசோகை வீட்டுக்கு வீடு இருக்கிறது. அறுவைக்குப் பின் நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. ஒரு வேளைக்கு நான்கைந்து வாய்தான் சாப்பிட முடியும் என்ற நிலையில், சோறும் ரசமும் அந்த இடத்தை அடைத்துக்கொண்டால் புரதம் எங்கிருந்து வரும்? முட்டை, மீன், பயறு, தயிர், பன்னீர் ஆகியவற்றை முதலில் சாப்பிட்டு, சோற்றைக் கடைசியில் வைக்கும்படி தட்டையே மாற்ற வேண்டியிருக்கிறது.

ஸ்லீவ் செய்தவர்களுக்கு வேறொரு தொல்லை. பின்லாந்தில் 240 பேரைப் பத்து ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வில், உணவுக்குழாய் புண்ணாகியிருந்தவர்கள் ஸ்லீவ் குழுவில் 31 சதவீதம், பைபாஸ் குழுவில் 7 சதவீதம். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் ஸ்லீவுக்கு ஒப்புக்கொள்ளும் முன் இந்த எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சர்க்கரை தணிந்த விகிதத்தில் இரண்டுக்கும் அங்கே பெரிய வேறுபாடு இல்லை: 26, 33.

மனமும் இந்தக் கணக்கில் உண்டு. யூட்டாவில் 2007இல் வந்த ஆய்வு, அறுவை செய்துகொண்டவர்களில் சர்க்கரை நோயால் ஏற்பட்ட மரணம் 92 சதவீதம் குறைந்ததைக் காட்டியது. அதே ஆய்வில் விபத்து, தற்கொலை போன்ற நோய்சாராக் காரணங்களால் நேர்ந்த மரணம் 58 சதவீதம் கூடியிருந்தது. பைபாஸுக்குப் பின் மது மிக வேகமாக இரத்தத்தில் ஏறுகிறது. இரண்டாம் ஆண்டில் மதுப் பழக்கக் கோளாறு கூடுவதை அமெரிக்க ஆய்வொன்று பதிவு செய்திருக்கிறது. வீட்டில் குடிப்பவர் இருந்து, அவருக்கு இந்த அறுவை என்றால் இதை மறைக்காமல் மருத்துவரிடம் பேசியே ஆக வேண்டும்.

நம்மைப் பொறுத்தவரை யாருக்கு அறுவை என்ற எல்லைக்கோடும் மாறுகிறது. உயரத்துக்கும் எடைக்கும் உள்ள விகிதமான பிஎம்ஐ ஒன்றாகவே இருந்தாலும், ஐரோப்பியரைவிட நமக்கு வயிற்றிலும் ஈரலிலும் கொழுப்பு கூடுதல். சர்க்கரை நோய் மெலிந்த உடலிலேயே, இளவயதிலேயே வருகிறது. இந்த அறுவை பற்றி லண்டனில் 2015இல் கூடிய மாநாட்டின் அறிக்கை அடுத்த ஆண்டு வெளிவந்தபோது உலகின் 45 மருத்துவ அமைப்புகள் அதை ஏற்றுக்கொண்டன. பிஎம்ஐ 30க்கு மேல் இருந்து, மருந்தால் சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கு அறுவையைப் பரிசீலிக்கலாம் என்று அது சொன்னது. ஆசியர்களுக்கு அந்தக் கோடு 27.5. இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம், புதுச்சேரியில் 26.3 சதவீதம் என்றும் 2023இல் வந்த ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு கணக்கிட்டது. இத்தனை பேரையும் அறுவை மேசைக்கு அனுப்ப முடியாது, அனுப்பவும் கூடாது. 27.5ஐத் தாண்டாத லட்சக்கணக்கானவர்களுக்கு இது பொருந்தவும் செய்யாது.

செமாகுளூடைட், டிர்செபடைட் ஊசிகள் வந்த பிறகு அறுவை எதற்கு என்ற கேள்வி நியாயமானது. சிலருக்கு அவை போதும். நிறுத்தினால் எடை திரும்புகிறது என்பதும், அறுவைக்கு இருப்பதுபோல் இருபது ஆண்டுச் சான்று அவற்றுக்கு இன்னும் சேரவில்லை என்பதும் தெரிந்து தேர்ந்தெடுக்க வேண்டும். அறுவைக்குப் பின் சர்க்கரை திரும்பியவர்களுக்கு இந்த ஊசிகள் கைகொடுக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒன்றுக்கு எதிராக இன்னொன்றை நிறுத்தும் வாக்குவாதம் நோயாளிக்கு உதவாது.

இந்த அறுவையைப் பற்றி யோசிப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். சர்க்கரை நோய் வந்து எத்தனை ஆண்டு, இன்சுலின் உண்டா, கணையம் இன்னும் எவ்வளவு சுரக்கிறது என்பதைக் காட்டும் சி-பெப்டைட் பரிசோதனை என்ன சொல்கிறது என்ற மூன்றையும் வைத்து, உங்களுக்குப் பலன் எந்த அளவில் இருக்கும் என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். அறுவைக்கு முன் விழித்திரையைச் சோதித்துக்கொள்ளுங்கள். சர்க்கரை திடீரென இறங்கும்போது ஏற்கனவே பழுதான விழித்திரை சிலருக்குத் தற்காலிகமாக மோசமாகும். பத்தாம் ஆண்டிலும் உங்களைப் பார்க்க அங்கே ஆள் இருப்பார்களா என்று கேளுங்கள். அறுவை செய்துகொண்டவர்கள் மருந்துக்கடையில் தாமாக வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். பைபாஸ் இணைப்பில் புண் வரலாம். வாந்தி நிற்காமல் நீடித்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். வாந்தியால் வைட்டமின் பி1 குறைந்தால் மூளை பாதிக்கும். சத்து மாத்திரைகள் ஆயுள் முழுக்க வேண்டும். மருந்தெல்லாம் நின்று, சர்க்கரை இயல்பாக இருக்கும் ஆண்டுகளிலும், ஹெச்பிஏ1சி, இரத்த அளவு, இரும்பு, பி12, வைட்டமின் டி, சிறுநீர்ப் புரதம், விழித்திரை ஆகியவற்றை ஆண்டுக்கு ஒருமுறையாவது தவறாமல் பாருங்கள்.